சுகருக்கு நடக்கணும்னு தெரியுது, மனசு தான் வரல – என்ன பண்ணலாம்?

சுகர் வந்தவங்ககிட்ட போய் எக்சர்சைஸ் நல்லதுன்னு சொல்றத விட வேஸ்ட்டான வேலை எதுவும் இல்ல. டாக்டர் சொல்லியாச்சு, லேப்ல ரத்தம் எடுக்கற தம்பி சொல்லியாச்சு, கல்யாண பந்தியில நம்ம இலைல விழுந்த ஜாங்கிரிய பார்த்துட்டு பக்கத்து இலை மாமாவும் சொல்லியாச்சு. எல்லாருக்கும் தெரியும். புது ஷூ வாங்கறோம், மொத வாரம் விடியக்காலைல ஜம்முனு கெளம்பிடறோம், அடுத்த வாரம் ஒரு நாள் மழை, ஒரு நாள் ஊருக்கு போனோம், அதுக்கப்புறம் ஷூ செருப்பு ஸ்டாண்டுல கீழ் தட்டுக்கு போயிடுது. அதனால ஏன் நடக்கணும்னு நான் எழுதப் போறதில்ல, ஆரம்பிச்சத விடாம எப்படி ஓட்டறதுன்னு தான். பெரும்பாலும் டைப் 2, அதாவது பரவலா எல்லாருக்கும் வர்ற வகை சுகர் இருக்கற ஆளுங்கள மனசுல வெச்சு எழுதறேன், நானும் அந்த கூட்டம் தான். இன்சுலின் போடறவங்களுக்கும், உடம்புல இன்சுலினே சரியா சுரக்காத டைப் 1 காரங்களுக்கும் தனியா சொல்ல வேண்டியது நடுவுல வருது, அத மட்டும் தாண்டி போயிடாதீங்க.

மொதல்ல ஒரு விஷயம். பயமுறுத்தி யாரையும் ரொம்ப நாள் நடக்க வைக்க முடியாது. "கால எடுத்துருவாங்க", "கிட்னி போயிடும்"னு சொன்னா ஒரு பத்து நாள் ஓடும், அப்புறம் அந்த பயமே பழகிடும். ஏன்னா சுகர் வலிக்காது. இன்னிக்கு நடக்கலன்னா இன்னிக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, நடந்தாலும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. ஏ1சி டெஸ்ட் இருக்கே, அது சிவப்பணுல ஒட்டியிருக்கற சர்க்கரைய பார்க்கற டெஸ்ட், அந்த அணு வாழறதே கிட்டத்தட்ட 120 நாள், அதனால அது சொல்றது கடந்த ரெண்டு மூணு மாச கதை. மூணு மாசம் கழிச்சு வரப்போற மார்க்குக்காக இன்னிக்கு காலைல 5 மணிக்கு போர்வைய உதறிட்டு எந்திரின்னா எந்த மனுஷனுக்கு மனசு வரும்? அதனால பலன இன்னிக்கே கண்ணால பாக்கற மாதிரி பண்ணிக்கணும். நான் பார்த்த வரைக்கும் இத விட வேலை செய்யற வழி வேற இல்ல.

மீட்டர வெச்சு ஒரு சின்ன சோதனை

வீட்டுல குளுக்கோமீட்டர் இருந்தா ரெண்டு ராத்திரி ஒரே சாப்பாடு சாப்பிடுங்க. மூணு இட்லி, சாம்பார், ஒரு சட்னின்னு வெச்சுக்கோங்க. மொத ராத்திரி எப்பவும் போல சாப்ட்டு டிவி முன்னாடி உக்காந்துடுங்க, மொத வாய் வெச்சதுல இருந்து ஒன்றரை மணி நேரம் கழிச்சு ஒரு ரீடிங். அடுத்த ராத்திரி அதே மூணு இட்லி, ஆனா சாப்ட்டு கை கழுவுன பத்து நிமிஷத்துல வெளிய எறங்கி 15 நிமிஷம் நடந்துட்டு வாங்க, அதே ஒன்றரை மணி நேரத்துல ரீடிங். ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைங்க. பெரும்பாலானவங்களுக்கு ரெண்டாவது நம்பர் கொறைஞ்சு தான் இருக்கும், சிலருக்கு பார்த்த உடனே மீட்டர் ரிப்பேரான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு கொறையும்.

சும்மா ஏதோ ஒரு நாள் கொறைஞ்சதுன்னு நெனைக்காதீங்க, இதுக்கு காரணம் இருக்கு. நமக்கு இருக்கற பிரச்சினை என்ன, இன்சுலின் சுரந்தாலும் தசை அத சரியா கண்டுக்க மாட்டேங்குது. ஆனா தசை சுருங்கி விரிஞ்சு வேலை செய்யும்போது இன்சுலின் சொல்லாமலே ரத்தத்துல இருக்கற குளுக்கோச தானா உள்ள இழுத்துக்கும், அந்த வழி சுகர் வந்தவங்களுக்கும் ஒழுங்கா வேலை செய்யுது. மாத்திரை மாதிரி இல்ல, நடக்க ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்தே நடக்குது. நடந்து முடிச்ச பிறகும் ஒரு நாள், ரெண்டு நாள் வரைக்கும் இன்சுலின் பேச்ச உடம்பு கொஞ்சம் நல்லாவே கேக்கும். தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல கேப் விடாதீங்கன்னு டாக்டருங்க சொல்றதுக்கு இது தான் காரணம்.

இதுல சில விஷயம் கவனிக்கணும். மீட்டர் லேப் மெஷின் கெடையாது, 100க்கு மேல போகும்போது 15 சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன காட்டறது தரக்கணக்குல அனுமதிச்சது தான். அதனால 168க்கும் 160க்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த வெச்சு சந்தோஷமும் வேணாம் துக்கமும் வேணாம், நல்ல பெரிய வித்தியாசம் தெரியுதான்னு பாருங்க, இல்ல இன்னொரு நாள் திரும்ப பண்ணுங்க. மாம்பழம் நறுக்குன கையோட குத்திட்டு சுகர் 300ன்னு அலறவங்க நெறைய பேரு, கைய சோப்பு போட்டு கழுவி நல்லா தொடச்சுட்டு குத்துங்க. ஸ்ட்ரிப் விக்கற விலைக்கு தெனமும் இத பண்ண முடியாது, பண்ணவும் வேணாம், மனசு சுணங்கற வாரத்துல ஒரு தடவை பண்ணா போதும்.

இன்னொண்ணு, காலைல வெறும் வயித்துல நடந்துட்டு வந்து குத்தி பார்த்துட்டு "நடந்தா சுகர் ஏறுது"ன்னு நிறுத்தறவங்க இருக்காங்க. விடியக்காலைல உடம்புல சில ஹார்மோன் ஏறும், கல்லீரல் சேத்து வெச்ச குளுக்கோச ரத்தத்துல விடும், அது நடந்தாலும் நடக்காட்டாலும் பலருக்கு நடக்கற விஷயம். அதே மாதிரி மூச்சு வாங்க ஓடுனாலோ, கனமா வெயிட் தூக்குனாலோ அட்ரினலின் ஏறி கொஞ்ச நேரத்துக்கு நம்பர் மேல போகலாம். அப்புறம் தானா எறங்கும். இத வெச்சு முடிவெடுக்காதீங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்து பார்த்த நம்பர் தான் நமக்கு பேசும்.

5 மணி வாக்கிங் கட்டாயம் இல்ல

நம்ம ஊருல வாக்கிங்னா விடியக்காலைல தான்னு யாரோ சட்டம் போட்ட மாதிரி ஆகிப்போச்சு. காலைல எந்திரிக்கறது உங்களுக்கு இயல்பா வருதா, தாராளமா போங்க. வரலன்னா அதோட மல்லுக்கட்டாதீங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு, இது தான் உலகம் பூரா சொல்ற கணக்கு, அது ஒரே மூச்சுல வரணும்னு யாரும் சொல்லல. காலை, மதியம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து பத்து நிமிஷம், வாரத்துல அஞ்சு நாள், 150 வந்துடுச்சு. அதுவும் சுகர் ஏறப்போற நேரத்துலயே அத புடிச்சு அமுக்கறதால நமக்கு இது கூடுதல் லாபம். மூணு வேளையும் முடியலன்னா ராத்திரிய மட்டும் விடாதீங்க, ஏன்னா 9 மணிக்கு நாலு தோசைய சாப்ட்டு 10 மணிக்கு படுத்தா அது முழுசும் ரத்தத்துலயே சுத்திகிட்டு இருக்கும்.

இங்க தான் மனசு பத்தின சூட்சுமம் இருக்கு. "இன்னிக்கு எப்ப நடக்கலாம்"னு யோசிக்க ஆரம்பிச்சாலே நாம தோத்துடுவோம். யோசிக்கவே எடம் குடுக்காம, ஏற்கனவே தெனமும் பண்ற ஒரு வேலையோட வால்ல இத கட்டி விட்டுடணும். சாப்ட்ட தட்ட கழுவி கவுத்துன கையோட செருப்ப மாட்டணும், நடுவுல சோபால உக்காரவே கூடாது. உக்காந்தா போச்சு. ஆபீஸ்ல மதியம் டிபன் பாக்ஸ் கழுவ போறீங்க இல்ல, அப்படியே படியில ஒரு மாடி எறங்கி ஏறிட்டு சீட்டுக்கு வாங்க. போன்ல அரை மணி நேரம் பேசற அக்கா, மச்சான், பழைய ஃபிரண்டு யாராவது எல்லாருக்கும் இருப்பாங்க, அந்த போன நடந்துகிட்டே மட்டும் தான் பேசறதுன்னு வெச்சுக்கோங்க. எந்த வேகத்துல நடக்கணும்னு கேட்டா, பேச முடியணும், பாட முடியக் கூடாது, அவ்வளவு தான்.

எங்க நடக்கறதுன்னு ஒரு கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. தெருவுல நாய், பைக்கு, தோண்டிப் போட்ட பள்ளம், லைட்டு இல்ல, அதுலயும் பொம்பளைங்க ராத்திரி 9 மணிக்கு தனியா தெருவுல எறங்குறது எல்லா ஊருலயும் முடியற காரியமா? மொட்டை மாடி போதும். நைட்டி மேல ஒரு துண்ட போட்டுகிட்டு மாடில நடந்தா யாரும் கேக்கப் போறதில்ல. எட்டு போட்டு நடக்கறது இப்ப மாடிக்கு மாடி பரவிக் கெடக்கு, எட்டுல ஏதோ மந்திரம் இருக்கு, 21 நாள்ல சுகர் ஓடிப்போயிடும்னு வாட்ஸ்அப்ல வர்றத நம்பாதீங்க, ஆனா சின்ன எடத்துல தலை சுத்தாம, போர் அடிக்காம நடக்க அது வசதியா இருக்கு, அந்த வகையில எனக்கு அது மேல மரியாதை உண்டு. "நான் நாள் பூரா வீட்டு வேலை செய்யறேனே, அதுவே எக்சர்சைஸ் தானே"ன்னு கேக்கறவங்களுக்கு, வேலை செய்யறது நல்லது தான், ஆனா அடுப்படில நின்னுகிட்டே இருக்கறதுல மூச்சு வேகமாகற அளவுக்கு எதுவும் இல்ல, நிக்கறது வேற நடக்கறது வேற.

பத்தாயிரம் ஸ்டெப் கணக்க பத்தி ஒரு வார்த்த. அது 1965ல ஜப்பான்ல ஒரு ஸ்டெப் எண்ற கருவிய விக்க கொண்டு வந்த நம்பர், எந்த டாக்டரும் ஆராய்ச்சி பண்ணி வெச்ச எல்லை இல்ல. போன எடுத்து போன வாரம் தெனமும் எத்தன ஸ்டெப் போட்டிருக்கீங்கன்னு பாருங்க, 2500னு வந்தா இந்த மாசம் 3500, அது பழகுன பிறகு இன்னும் ஆயிரம். 2500ல இருக்கறவரு பத்தாயிரத்துக்கு குதிச்சா மூணாம் நாள் குதிகால் வலி வந்து கட்டில்ல தான் கெடக்கணும்.

தசையையும் கொஞ்சம் கவனிங்க

நடை மட்டும் போதாதுன்னு சொன்னா நெறைய பேருக்கு கோவம் வருது. ஆனா நம்ம ஜனங்களோட உடம்பு வாகு அப்படி, கை கால் ஒல்லியா இருக்கும், வயிறு மட்டும் முன்னாடி நிக்கும், எடை மெஷின்ல நம்பர் நார்மல்னு காட்டும், உள்ள தசை கம்மி கொழுப்பு ஜாஸ்தி. சாப்ட்ட சாப்பாட்டு குளுக்கோஸ்ல பெரும்பகுதி போய் சேரற எடமே தசை தான், அந்த எடம் சின்னதா இருந்தா மிச்சம் ரத்தத்துல தான் நிக்கும். வயசு ஏற ஏற தசை வேற கரையுது. அதனால வாரத்துல ரெண்டு மூணு நாள், அடுத்தடுத்த நாளா இல்லாம, தசைக்கு வேலை குடுக்கணும்.

ஜிம் வேணாம். ஒரு உறுதியான நாற்காலிய செவுத்துல ஒட்டி போட்டு, கைய நெஞ்சுக்கு குறுக்கா கட்டிகிட்டு, மெதுவா உக்காந்து மெதுவா எந்திரிங்க, எத்தன தடவை முடியுதோ அத்தன. செவுத்துல கைய ஊணி புஷ்-அப். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒரு கிலோ, ரெண்டு கையிலயும் புடிச்சு தோளுக்கு தூக்குங்க. பால் பொங்கற வரைக்கும் அடுப்பு பக்கத்துல நிக்கறீங்க இல்ல, அப்ப குதிகால தூக்கி தூக்கி எறக்குங்க. மூச்ச அடக்கிகிட்டு மட்டும் எதையும் தூக்காதீங்க, தூக்கும்போது மூச்ச விடணும். தோள் ஏற்கனவே எறுகிப் போயிருந்தா, பின்னாடி கை போகல, சட்டை மாட்ட முடியலன்னா அது ஃப்ரோசன் ஷோல்டரா இருக்கலாம், சுகர் இருக்கறவங்களுக்கு அது மத்தவங்கள விட அதிகமா வரும், வம்பா இழுக்காம பிசியோதெரபிஸ்ட்கிட்ட காமிங்க.

மனசுக்கு இதுல ஒரு பெரிய லாபம் இருக்கு. நடைல முன்னேற்றம் சீக்கிரம் கண்ணுக்கு தெரியாது, ஆனா நாற்காலி பயிற்சில மொத வாரம் எட்டு தடவைல தொடை நடுங்கினவரு அடுத்த மாசம் பதினஞ்சு அசால்ட்டா போடுவாரு. நம்பர் ஏறுது, அதுவும் ஏறணும்னு நாம ஆசைப்படற நம்பர்! சுகர்காரங்களுக்கு ஏறுனா சந்தோஷப்படற நம்பர் வேற எது இருக்கு சொல்லுங்க. கொஞ்ச மாசம் கழிச்சு கோயில்ல தரையில உக்காந்து பிரசாதம் சாப்ட்டு எந்திரிக்கறப்ப, வழக்கமா வலது கை தானா தரையில ஊணும், பக்கத்துல இருக்கறவங்க தோள தேடும், அன்னிக்கு கை ஊணாமலே எந்திரிச்சு நின்னிருப்பீங்க, நின்ன பிறகு தான் உங்களுக்கே தெரியும். எந்த லேப் ரிப்போர்ட்டும் குடுக்காத சந்தோஷம் அது.

கூட்டணி

ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2023ல வெளியிட்ட கணக்குப்படி நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர் இருக்கு, அதனால நீங்க போற பார்க்குல பாதி பேரு நம்மாளுங்களா தான் இருப்பாங்க. ஒரு குரூப்ல சேருங்க. காலைல 6 மணிக்கு எந்த பார்க் வாசலுக்கு போனாலும் ஒரு கூட்டம் இருக்கும், பனியன் மேல துண்டு போட்ட ரெண்டு ரிட்டயர்டு சார், மங்கி கேப் போட்ட ஒருத்தர், சேலைக்கு கீழ ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட ரெண்டு அக்கா, மூணு ரவுண்டு அரசியல் பேசிகிட்டே நடப்பாங்க, அப்புறம் எல்லாரும் நேரா எதிர்த்தாப்புல இருக்கற டீக்கடைக்கு போயி மெதுவடைய பேப்பர்ல வெச்சு அமுக்கி எண்ணெய எடுத்துட்டு "இப்ப எண்ணெய் போயிடுச்சு"ன்னு சமாதானம் சொல்லிகிட்டு சாப்பிடுவாங்க. அரை மணி நடைல கரைஞ்சது ரெண்டு வடைல திரும்ப வந்துடும், அது உண்மை தான். ஆனாலும் என் கட்சி, வடைக்காக குரூப்ப விடாதீங்க. காலைல உங்கள கட்டில்ல இருந்து கெளப்பறதே அந்த கூட்டம் தான், ஒரு நாள் வரலன்னா "என்ன சார் ஒடம்பு சரியில்லையா"ன்னு போன் வரும் பாருங்க, அந்த போனுக்கு ஈடா எந்த ஆப்பும் இல்ல. டீய சர்க்கரை இல்லாம வாங்கிகிட்டு வடைய அவங்களுக்கு விட்டுடுங்க, சுண்டல் இருந்தா அத சாப்பிடுங்க. பார்க் வாசல்ல விக்கற பழ ஜூஸ் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க.

தமிழ்நாட்டுல "நடப்போம் நலம் பெறுவோம்"னு 2023ல இருந்து மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் பண்ணி வெச்சிருக்காங்க. 8 கிலோமீட்டரான்னு மலைக்க வேணாம், ஒரு கிலோமீட்டர் போயிட்டு திரும்பி வந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். "இன்னிக்கு நடந்தீங்களா இல்லையா"ன்னு தெனமும் கேக்காதீங்க. அந்த கேள்விய கேட்டாலே மனுஷனுக்கு எரிச்சல் தான் வரும், நடந்தவரும் நடக்கலன்னு சொல்லுவாரு. அதுக்கு பதிலா நீங்க உங்க செருப்ப மாட்டிகிட்டு வாசல்ல நின்னுகிட்டு "என்னங்க, கடை வரைக்கும் போயிட்டு வரலாம் வாங்க"ன்னு கூப்புடுங்க. பெத்தவங்களுக்கு சுகர் இருந்தா பிள்ளைங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், அதனால கூட நடக்கறது உங்களுக்கும் லாபம் தான். சென்னைல டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006ல வெளியிட்ட ஆய்வுல, சுகர் வர்ற எல்லைக்கோட்டுல இருந்தவங்க நடையையும் சாப்பாட்டையும் ஒழுங்கு பண்ணப்போ அது முழு சுகரா மாறற வாய்ப்பு சுமார் 28 சதவீதம் கொறைஞ்சிருக்கு.

லோ சுகர் பயம்

ஒரே ஒரு தடவை நடு ரோட்டுல கை நடுங்கி வேர்த்து கொட்டி கண்ண இருட்டிகிட்டு வந்தா போதும், அதோட வாக்கிங்கே வேணாம்னு உக்காந்துடுவாங்க. அதனால இதயும் மோட்டிவேஷன் கணக்குல தான் சேக்கணும். மொதல்ல உங்க மாத்திரை எதுன்னு தெரிஞ்சுக்கோங்க. இன்சுலின், அப்புறம் கிளிமெபிரைட், கிளிக்ளசைட், கிளிபென்க்ளமைட் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு தான் லோ ஆகற வாய்ப்பு அதிகம். வெறும் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடறவங்களுக்கு அது அபூர்வம், சும்மா பயந்துகிட்டு நடக்கறதுக்கு முன்னாடி நாலு பிஸ்கட் சாப்பிட வேண்டியதில்ல. லோ வரக்கூடிய மருந்து எடுக்கறவங்க கெளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க, 90க்கு கீழ இருந்தா கொஞ்சம் ஏதாவது சாப்ட்டுட்டு போங்க. 70க்கு கீழ போனா அது லோ. உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் தண்ணில கலந்து குடிச்சுட்டு, 15 நிமிஷம் உக்காந்து திரும்ப பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவை. சாக்லெட் வேணாம், அதுல இருக்கற கொழுப்பால மெதுவா தான் ஏறும். வோக்லிபோஸ் சேந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு சாதா சர்க்கரையும் மெதுவா தான் ஏறும், அவங்க குளுக்கோஸ் பவுடர் தான் வெச்சுக்கணும். மயங்கி விழுந்தவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க.

தொடையில இன்சுலின் குத்திகிட்டு உடனே நடக்க போகாதீங்க, வேலை செய்யற தசை பக்கத்துல போட்டா சீக்கிரம் ஏறிடும், வயித்துல போடுங்க. சாயங்காலம் நல்லா உழைச்சா ராத்திரி தூக்கத்துலயும் எறங்கலாம், அத மறக்காதீங்க. பிபிக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடறவங்களுக்கு படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போயிடலாம், வேர்வை தான் முக்கியமான அடையாளம். டைப் 1 காரங்க சுகர் 250க்கு மேல இருந்து கீட்டோனும் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்ப கரைக்கறப்ப ரத்தத்துல சேர்ற அமிலம்) இருந்தா அன்னிக்கு எக்சர்சைஸ் பக்கமே போகக் கூடாது. அப்புறம், நடக்கறதுக்காக தெனமும் ஏதாவது சாப்பிட வேண்டியதா இருந்தா அது தப்பான கணக்கு, மாத்திரைக்கு தீனி போட்ட மாதிரி ஆயிடும். டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோசை கொறைக்க வேண்டிய நேரம் வந்திருக்கலாம், நடந்ததுக்கு கெடைக்கற நல்ல பரிசே அது தான்! நீங்களா கொறைக்காதீங்க.

காலுக்கு வர்றேன். பாதத்துல உணர்ச்சி கொறைஞ்சிருந்தா கல்லு குத்துனதும் தெரியாது, சூடு பட்டதும் தெரியாது. ஷூவ சாயங்காலமா போயி வாங்குங்க, அப்ப தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியா கெடைக்கும். மாட்டறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு பாருங்க. சித்திரை மாசத்து மதியம் கோயில் பிரகாரத்துல வெறுங்கால்ல சுத்திட்டு வந்து ராத்திரி கொப்புளம் பார்க்கறவங்க இருக்காங்க. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்கால்ல, கால் மரத்துப் போனவங்க டாக்டர கேக்காம எறங்காதீங்க, அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டார். கண்ணுல ரத்தக்கசிவு, லேசர்னு போனவங்க சிரசாசனம், கனமான வெயிட் ரெண்டையும் தவிர்க்கணும். சுகர் இருக்கறவங்களுக்கு ஹார்ட் பிரச்சினை நெஞ்சு வலியே இல்லாம வரலாம், வழக்கமா ஏறுற படியில திடீர்னு மூச்சு வாங்குது, தாடை வலிக்குது, காரணமே இல்லாம அசதியா இருக்குன்னா நடைய நிறுத்திட்டு காமிச்சுடுங்க.

சோம்பேறித்தனம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க

சில பேருக்கு மனசு வராததுக்கு காரணம் மனசே இல்ல. சுகர் ஏறிக் கெடந்தாலே உடம்பு அசதியா தான் இருக்கும், ராத்திரி நாலு தடவை யூரின் போக எந்திரிச்சா காலைல எங்க நடக்கறது? மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா வைட்டமின் பி12 கொறையலாம், அதுல அசதி, கால் எரிச்சல் எல்லாம் வரும். தைராய்டு, ரத்த சோகை, குறட்டையோட வர்ற தூக்கப் பிரச்சினை இதெல்லாம் கூட இருக்கலாம். மனச்சோர்வும் சுகர் இருக்கறவங்ககிட்ட மத்தவங்கள விட ரெண்டு மடங்கு அளவுக்கு அதிகம், எதுலயும் ஆசையே இல்ல, அழுகையா வருதுன்னா அத வெளிய சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு. உங்கள நீங்களே திட்டிக்கறதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடறது நல்லது.

விட்டுப் போச்சுன்னா

விட்டுப் போகும். அதுல சந்தேகமே வேணாம். ஐப்பசி கார்த்திகைல மழை விடாது, கத்திரி வெயில்ல 8 மணிக்கே தலைய பொளக்கும், வீட்டுல கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். காய்ச்சல் நாள்ல படுத்து ரெஸ்ட் எடுங்க, அது கணக்குல வராது. மத்த நாளுக்கு ஒரு குட்டி அளவு வெச்சுக்கோங்க, எவ்வளவு மோசமான நாளா இருந்தாலும் அஞ்சு நிமிஷம், ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல நடந்தாலும் சரி, விளம்பர நேரத்துல எந்திரிச்சு நின்ன எடத்துலயே காலடி போட்டாலும் சரி. அஞ்சு நிமிஷத்துல சுகர் ஒண்ணும் பெருசா எறங்காது, அது எனக்கும் தெரியும், ஆனா பழக்கம் அறுந்து போகாது. பத்து நாள் முழுசா விட்டுட்டீங்கன்னா திரும்ப ஆரம்பிக்கும்போது பழைய அளவுல பாதியில இருந்து ஆரம்பிங்க.

இத்தன நாள் தொடர்ச்சியா நடந்தீங்கன்னு கொண்டாடற ஆப்புங்க எனக்கு புடிக்காது, ஒரு நாள் அறுந்தா கணக்கு பூஜ்யத்துக்கு போகுது, நம்ம மனசும் அதோட போயிடுது. அதுக்கு பதிலா கிச்சன்ல தொங்கற மாத காலண்டர்ல, பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் எழுதற அதே கட்டத்துல நடந்த நாளுக்கு ஒரு டிக் போடுங்க. வாரத்துக்கு அஞ்சு டிக் இருந்தா போதும், ரெண்டு கட்டம் தொடர்ந்து காலியா இருந்தா மூணாவது நாள் மட்டும் எப்பாடு பட்டாவது எறங்கிடுங்க.

எடை கொறையலன்னு நிறுத்தறவங்க தான் ரொம்ப ஜாஸ்தி. நடையில எடை மெதுவா தான் கொறையும், சிலருக்கு கொறையவே கொறையாது, ஆனா எடை அப்படியே இருந்தாலும் சுகர் எறங்கும். 2011ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்து பார்த்த ஒரு பெரிய ஆய்வுல, வாரத்துக்கு 150 நிமிஷத்துக்கு மேல முறையா பயிற்சி பண்ணவங்களுக்கு ஏ1சி சராசரியா 0.9 சதவீதப் புள்ளி கிட்ட (8ல இருந்து 7.1க்கு வர்ற மாதிரி) கொறைஞ்சிருக்கு, அதுக்கு கீழ பண்ணவங்களுக்கும் 0.4 கிட்ட கொறைஞ்சிருக்கு. ஒரு மாத்திரை சேத்தா கெடைக்கற பலனுக்கு பக்கத்துல வருது. கொறைச்சலா நடந்தவங்களுக்கும் கொறைஞ்சிருக்கு பாருங்க, முழுசா முடியாதவங்க அந்த 0.4ஐ ஏன் விடணும்?

அடுத்த ரிவ்யூக்கு போறப்ப அந்த காலண்டர ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, இட்லி சோதனை நம்பரையும் சேத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. பாத உணர்ச்சி டெஸ்ட் பண்ண சொல்லுங்க, கண்ணு பார்த்து ஒரு வருஷம் ஆயிருந்தா அதையும், பி12 பார்த்ததே இல்லன்னா அதையும் கேளுங்க. நடக்கற நேரத்த சொல்லி மாத்திரை நேரத்த மாத்தணுமான்னு மறக்காம கேட்டுடுங்க, கூட்டம் இருக்கேன்னு கேக்காம வந்துடாதீங்க.